பேணுவாரற்ற கருவி

மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக்குச் செல்வோர் இரண்டு பாலங்களைக் காண்பர். ஒன்று 1920களில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த இரும்புப் பாலம். தேசாதிபதி சேர் வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயரால் அது லேடி மானிங் பாலம் என வழங்கிற்று. மற்றையது 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்ட அகன்ற புதிய பாலம். பழைய பாலம் ஒடுக்கமானது. ஒரு கரையிலிருந்து வாகனம் ஏறிவிட்டால் மறுகரையில் வந்தது பொறுத்து நிற்க வேண்டும். அவ்வாறு நின்ற பொழுதுகளை இவ்வூரின் முதியோர் நன்கு அறிவர். புதிய பாலம் அமைந்த பின்னரும் பழையது இடித்தகற்றப்படவில்லை. பூரணை நாளின் நள்ளிரவில் வாவியின் மீன்கள் பாடும் என்று சொல்லப்படுவதைக் கேட்க விரும்புவோர் இன்றும் அப்பழைய பாலத்தின் அண்டையையே நாடுகின்றனர்.

பாலம் முதுமையடைந்ததை எவரும் கண்ணாற் காணலாம். இரும்பிலே துரு ஏறும், பலகை அதிரும், வாகனங்கள் வரிசையாய்த் தேங்கும். கண்ணுக்குப் புலனாகாத கருவிகளின் நிலை அத்தகையதன்று. கணினிக்குள்ளே இயங்கும் செய்நிரல் ஒன்று பதினைந்து ஆண்டுகளாகப் பேணுவாரின்றிக் கிடந்தாலும் அதன் மேனியிலே துரு படிவதில்லை. முதல் நாள் எவ்வாறு விடை சொல்லிற்றோ, அவ்வாறே கடைசி நாளிலும் விடை சொல்லும். அந்த விடை இன்றைய நிலைக்குப் பொருந்துமா என்பதே வினா. அத்தகைய கருவி ஒன்றைப் பற்றியும், அதனை மாற்றியமைப்பதற்கு ஆன நெடுங்காலத்தைப் பற்றியுமே இப்பேச்சு.

வங்கியிலும் வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் தொலைபேசி நிலையத்திலும் திரைமறைவில் நின்று தொழிற்படும் கணினிகளுட் பல லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையினால் இயங்குவன. 1991ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் அதனைத் தொடங்கிவைத்தார். உண்மையில் லினக்ஸ் என்பது கரு மாத்திரமே. நெல் இருந்தால் மட்டும் சோறாகிவிடாது. உரலும் உலக்கையும் உலையும் அகப்பையும் வேண்டும். அவ்வாறே அக்கருவைச் சூழ ஆயிரக்கணக்கான சிறு செய்நிரல்கள் வேண்டும். அவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று முரண்படாவண்ணம் சோதித்து, பொதிகளாகக் கட்டி வழங்குவதனையே விநியோகம் என்பர். 1993ஆம் ஆண்டு இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன் அத்தகைய விநியோகங்களுள் முதன்மையானது. அதனை நடத்துவது வணிக நிறுவனம் எதுவுமன்று. உலகின் பல நாடுகளிலும் பரந்து வாழும் தொண்டர்கள்.

டெபியன் ஒரு தாயாறு. 2004இல் வெளிவந்த உபுண்டு அதிலிருந்து பிரிந்த கிளை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அதிலிருந்தே நீர் கொண்டது. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிகணினிகளிலே அந்தப் பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்தது. எனவே, டெபியன் தொண்டர்கள் ஒரு செய்நிரலை ஏற்பதும் விடுவதும் தமிழ் மாணவனுடைய மேசைவரை வந்து சேர்கின்ற செய்தி. மூலச் செய்நிரலை எழுதுவோரை மேலாற்றார் என்று பொருள்படும் பெயரால் இத்துறையினரே குறிப்பிடுகின்றனர். மேலாற்றிலே வாய்க்காலைத் துப்புரவு செய்வார் இல்லாது போனால் கீழே வயலுக்கு என்ன வரும் என்பதை மட்டக்களப்பு விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை.

கணினி என்றதும் இக்காலத்தவர் மனத்திலே படங்களும் பொத்தான்களும் தோன்றும். அவற்றுக்கு முற்பட்டதும், இன்றும் தொழில் அறிந்தோர் கைவிடாததுமான வழி வேறொன்று உண்டு. கருந்திரையிலே ஒரு சொல்லைத் தட்டி, உரிய விசையை அழுத்தினால், கணினி எழுத்திலேயே மறுமொழி தரும். இதனைக் கட்டளை வரி என்பர். அந்தச் சொல் ஒவ்வொன்றும் ஒரு சிறு செய்நிரலின் பெயர். தச்சனுக்கு உளியும் மட்டமும் போன்றன இவை. உருவிலே சிறியன; ஆனால் பெரிய வேலைகள் யாவும் இவற்றைக் கொண்டே முடிகின்றன.

அவற்றுள் ஒன்று இஃப்கொன்பிக் என்பது. கணினி வலையமைப்போடு இணையும் வாயிலை இடைமுகம் என்பர். அந்த இடைமுகத்துக்கு முகவரி கொடுப்பதும், கொடுத்த முகவரியைக் காட்டுவதும் இதன் தொழில். 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் பதிப்பிலே இப்பெயர் முதன்முதல் தோன்றியது. லினக்ஸ் பிறந்தபின் அதற்கெனப் புதிதாய் எழுதப்பட்டு, வழிகாட்டும் ரூட், இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட், அயற்கணினிகளை இனங்காணும் ஆர்ப் முதலிய தோழர்களோடு நெட்-டூல்ஸ் என்னும் ஒரே பொதியிலே அமர்ந்தது. வலையமைப்பைக் கற்ற எவரும் முதலிற் கற்ற சொல் அதுவாகவே இருந்தது. பாடப்புத்தகங்கள் அதனை அச்சிட்டன. ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதினர். நிறுவனங்களிலே வேலைக்கு ஆள் எடுப்போர் அதனை வினாவாகக் கேட்டனர்.

2001ஆம் ஆண்டிலே நெட்-டூல்ஸ் பொதியின் 1.60 என்னும் பதிப்பு வெளிவந்தது. அதன்பின் நெடுங்காலம் புதிய பதிப்பு வரவில்லை. அறிவித்தல் தந்து கடையை மூடியவர் எவருமில்லை. பேணியவர்களுக்கு வேறு வேலைகள் வந்தன; நாட்கள் சென்றன; அவ்வளவே. இத்தகைய கருவிகளின் மரணம் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது. சாவுமேளம் கேட்பதில்லை.

இதற்கிடையில் லினக்ஸின் கரு வளர்ந்துகொண்டே சென்றது. 1999ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 2.2 பதிப்பில் அதன் வலையமைப்புப் பகுதி பெரிதும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஓர் இடைமுகத்துக்கு ஒரே முகவரி என்ற பழைய எண்ணம் ஒழிந்து, எத்தனை முகவரிகளும் இருக்கலாம் என்றாயிற்று. வழிகளைக் குறிக்கும் அட்டவணையும் ஒன்றாக இருந்தது போய்ப் பலவாகலாம் என்றாயிற்று. கருவோடு பேசும் முறையே மாறி, நெட்லிங்க் என்னும் புதிய வழி அமைந்தது. அந்தப் புதிய வழியிலே பேசுவதற்கென்று ரஷ்ய நாட்டவரான அலெக்ஸி குஸ்நெத்சொவ் ஒரு கருவித்தொகுதியை ஆக்கினார். ஐபி-ரூட் 2 என்பது அதன் பெயர். அதன் தலைமைக் கட்டளை ஐபி என்னும் இரண்டே எழுத்துச் சொல்.

ஆகவே, புதிய கருவி பிறந்தபின்னரே பழைய கருவி கேட்பாரற்றுப் போயிற்று. எனினும் உலகம் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. காரணம் வியப்பானதன்று: பழையது இயங்கிற்று. லினக்ஸின் கருவைப் பேணுவோரிடையே கண்டிப்பான ஒரு நெறி உண்டு. கருவை எவ்வளவு மாற்றினாலும், நேற்றுவரை இயங்கிய பயனாளரின் செய்நிரல் இன்று இயங்காது போகலாகாது என்பதே அது. டோர்வால்ட்ஸ் இந்நெறியைக் காப்பதில் மிகவும் சினம் கொள்பவர் என்பது இத்துறையிற் பலரும் அறிந்தது. இந்த நற்பண்பின் நிழலிலேதான் இஃப்கொன்பிக் உயிர்வாழ்ந்தது. கருவானது பழைய மொழியையும் மறவாமல், கேட்ட கேள்விக்குப் பழைய அளவிலேயே விடை கொடுத்துவந்தது.

பழைய அளவிலே என்ற சொல்லைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். ஓர் அலுவலகத்தின் சேவையகக் கணினி ஒன்று பழுதடைந்தது எனக் கொள்க. அதன் வேலையைத் தற்காலிகமாக அண்டைக் கணினி ஏற்கும்வண்ணம், பழுதடைந்ததன் முகவரியையும் அண்டைக் கணினியின் இடைமுகத்துக்கே ஐபி கட்டளையால் ஒருவர் சேர்த்துவிடுகிறார். இப்பொழுது அந்த இடைமுகத்துக்கு இரண்டு முகவரிகள். மறுநாள் வேறொரு தொழில்நுட்பவியலாளர் வருகிறார். அவர் கற்றது இஃப்கொன்பிக். அதனைத் தட்டுகிறார். முதல் முகவரி மட்டுமே திரையில் தோன்றுகிறது. பெயர்ச்சீட்டு ஒட்டாமற் சேர்க்கப்பட்ட இரண்டாம் முகவரியைக் காணும் கண் அக்கருவிக்கு இல்லை. இரண்டாவது முகவரி வெறுமையாக உள்ளது என்று நம்பி அவர் அதனை வேறொரு புதிய கணினிக்குக் கொடுத்துவிடுகிறார். ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடுகள்! கடிதம் ஒருநாள் இங்கே வரும். ஒருநாள் அங்கே போகும். பிழை எங்கே என்று தேடுவோரும் மீண்டும் மீண்டும் இஃப்கொன்பிக்கையே கேட்பாராயின், அது மீண்டும் மீண்டும் ஒன்றே சொல்லும். பொய் சொல்லவில்லை, தான் அறிந்த பாதியைச் சொல்கிறது. முறிந்த கருவி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பாதி காணும் கருவியோ முழுமையாய்க் கண்டதுபோலவே பேசும். அதனால் முன்னதிலும் பின்னதற்கே அஞ்சுதல் வேண்டும்.

டெபியன் தொண்டர்களின் வழக்கிலே மனங்கொள்ளத்தக்க சில சொற்கள் உள. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. அவர் விலகிக்கொண்டால் அப்பொதி அநாதையாயிற்று என்று பதிவு செய்வர். வேறொருவர் ஏற்றுக்கொண்டால் தத்தெடுத்தார் என்பர். தத்தெடுக்க வருவாரின்றிக் கிடக்கும் பொதிகளைப் பொதுவான குழு ஒன்று இயன்ற அளவு பார்த்துக்கொள்ளும். அதற்கும் இயலாதபோது விநியோகத்திலிருந்தே நீக்கிவிடுவர். இவ்வாறு தத்தெடுத்தல் இயலுவதற்குக் காரணம், செய்நிரலின் மூல எழுத்து எவரும் படிக்கத்தக்கதாய்த் திறந்திருப்பதே.

இவ்விடத்திலே கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவில் துயிலும் பெரியாரை நினையாதிருத்தல் அரிது. பழந்தமிழரின் யாழ் மீட்டுவாரும் ஆக்குவாருமின்றி மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆனபின், விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்து, நரம்புகளின் அளவைக் கணக்கிட்டு, யாழ் நூலை எழுதினார். 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரிலே அது அரங்கேறியது. வாவியின் பாடுமீனும் அந்நூலிலே ஓரிடம் பெற்றது. பேணுவாரை இழந்த ஒரு கருவியை மீட்பதற்கு அவருக்குக் கிடைத்தவை எழுத்தில் எஞ்சிய குறிப்புகளே. அவையும் இல்லாதிருப்பின் கணக்கிடுவதற்கு எதுவும் இருந்திராது. கணினித் துறையிலும் அவ்வாறே: மூல எழுத்தைப் பூட்டிவைத்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டால் அதன் செய்நிரலைத் தத்தெடுக்க ஒருவராலும் ஆகாது. நெட்-டூல்ஸ் அந்த வகையிலே பாக்கியம் செய்தது.

2009ஆம் ஆண்டிலே டெபியன் தொண்டர்கள் நெட்-டூல்ஸின் எதிர்காலம் யாது என்ற வினாவை வெளிப்படையாக எழுப்பினர். அடுத்த நாளே அதனை நீக்கிவிடவில்லை. எத்தனை பொதிகள் இஃப்கொன்பிக்கை அழைக்கின்றன, எத்தனை பொதிகள் ரூட் கட்டளையை நம்பியுள்ளன என்று ஒவ்வொன்றாய்க் கண்டு, அவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. ஆர்ச் லினக்ஸ் என்னும் வேறொரு விநியோகம் 2011இலேயே நெட்-டூல்ஸைப் பழையது என ஒதுக்கியது. வணிக உலகிலே பெருவழக்கான ரெட் ஹாட் நிறுவனத்தின் ஏழாம் பதிப்பும் 2014இல் அவ்வழியே சென்றது. டெபியனோ 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட ஒன்பதாம் பதிப்பிலேதான், புதிதாய் நிறுவும் கணினிகளில் அது தானாக இடம்பெறாதவாறு செய்தது. வினா எழுந்ததற்கும் செயல் முடிந்ததற்கும் இடையே எட்டு ஆண்டுகள். உபுண்டுவின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பைப் புதிதாய் நிறுவியோர் இஃப்கொன்பிக் எனத் தட்டியபோது, அக்கட்டளை இல்லை என்ற மறுமொழியையே பெற்றனர்.

எட்டு ஆண்டுகள் மிகையல்லவா என்று கேட்போர் உண்டு. மிகையன்று. மனிதர் மட்டுமே ஒரு கட்டளையைப் பயன்படுத்துவதாயின் ஓர் அறிவித்தல் போதும். ஆனால், கட்டளைகளைக் கோவையாய் எழுதிவைத்துக் கணினியே தானாக ஓட்டும் சிறு நிரல்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் உள. இரவிலே காப்புப்பிரதி எடுப்பது அத்தகைய ஒன்று. கணக்குகளைத் தலைமையகத்துக்கு அனுப்புவது இன்னொன்று. அவற்றை எழுதியவர் வேலையை விட்டுப்போயிருப்பார். எழுதியதை எவரும் மறந்திருப்பர். அந்நிரல்களுட் பல, இஃப்கொன்பிக்கின் மறுமொழியிலே குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தேடி, அதற்கடுத்து நிற்கும் எண்ணைக் கத்தரித்து எடுப்பன. நெட்-டூல்ஸைப் பிற்காலத்திலே சிலர் மீண்டும் கையிலெடுத்துச் செப்பனிட்டபோது, மறுமொழியின் வடிவத்தைச் சிறிது மாற்றினர். முகவரிக்கு முன் நின்ற ஒரு சொல் போயிற்று. அந்த ஒரு சொல்லை நம்பியிருந்த நிரல்கள் வெறுங்கையோடு திரும்பின. ஒரு சொல்லின் விலை அவ்வளவு.

பழைய பெயரை அப்படியே வைத்து, உள்ளே புதிய கருவியை மறைத்துவிடலாமே என்பது எவர்க்கும் தோன்றக்கூடிய யோசனை. கேட்பதற்கு இனியது. ஆயினும், அந்தப் போலி தன் முன்னவரின் மறுமொழியை எழுத்துப் பிசகாது ஒப்பித்தல் வேண்டும். இல்லையேல் மேற்சொன்ன நிரல்கள் முறியும். எழுத்துப் பிசகாது ஒப்பித்தாலோ முன்னவரின் பாதிப் பார்வையும் கூடவே வந்துவிடும். பழைய பாலத்தின் அகலத்திலேயே புதிய பாலத்தைக் கட்டுவது போன்றது அது.

பெயரை மாற்றுவதிலே அவசரம் காட்டினால் யாது நேரும் என்பதற்கும் டெபியனிலேயே ஒரு சான்று உண்டு. விச் என்பது மிகச் சிறிய கட்டளை. கேட்ட செய்நிரல் கணினியில் எவ்விடத்தில் உள்ளது என்று சொல்வது மாத்திரமே அதன் வேலை. 2021ஆம் ஆண்டில் அதனைக் கொண்டிருந்த பொதியின் பராமரிப்பாளர் அக்கட்டளை வழக்கொழிய வேண்டியது எனக் கருதி, அதனை ஓட்டுந்தோறும் ஓர் எச்சரிக்கை வரி தோன்றுமாறு செய்தார். எச்சரிக்கைதானே, அதனால் என்ன தீங்கு? ஆனால், எதிர்பாராத ஒரு வரி தோன்றினாலே பிழை எனக் கொள்ளும் செய்நிரல்கள் உள. அவை நின்றன. வழக்கு டெபியனின் தொழில்நுட்பக் குழுவின் முன் சென்றது. நம்பகமான மாற்று ஒன்று அமையும்வரை விச் இருத்தல் வேண்டும், எச்சரிக்கை வரியை அகற்றுதல் வேண்டும் என்று அக்குழு அதே ஆண்டிலே தீர்ப்பளித்தது. பராமரிப்பாளருடைய நோக்கத்திலே குற்றமில்லை; முறைதான் தவறியது. பயணிகள் ஏறிநிற்கும்போது படகோட்டி படகை மாற்றலாகாது.

அவ்வாறாயின் பேணுவாரற்ற கருவியை அப்படியே விட்டுவைத்தல் நன்றோ எனின், அதுவும் தகாது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆம் நாள் வெளியான செய்தி ஒன்று இத்துறையினரை உலுக்கிற்று. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. அதனைத் தனியொரு தொண்டர் நெடுங்காலமாய்ப் பேணிவந்தார். அவர் களைத்திருந்தார், உதவிக்கு ஆளில்லை. 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து நல்ல திருத்தங்கள் பல செய்து நம்பிக்கை பெற்றார். வேலையை விரைவுபடுத்துமாறு வேறு சிலரும் பழைய தொண்டரை இடித்துரைத்துக்கொண்டிருந்தனர். முடிவில் சாவியே புதியவர் கைக்கு மாறியது. அவர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிலே, தொலைவிலிருந்து கணினிகளுட் புகுவதற்கு ஒரு கள்ளக்கதவை மறைத்துவைத்தார். அண்ட்ரெஸ் பிரோயிண்ட் என்னும் பொறியியலாளர், தம் சோதனைக் கணினியுள் நுழையும்போது வழக்கத்தைவிட ஏறக்குறைய அரைச் செக்கன் தாமதிப்பதைக் கண்டு, ஏன் எனத் தோண்டிப் பார்த்ததாலே அது வெளிப்பட்டது. டெபியனின் சோதனைப் பிரிவுகள்வரை அது வந்துவிட்டிருந்தது. நிலைபெற்ற பதிப்பை எட்டவில்லை. அந்த அரைச் செக்கனை அவர் பொருட்படுத்தாதிருந்தால் உலகின் எண்ணிறந்த சேவையகங்களின் வாயில் திறந்திருக்கும்.

இந்நிகழ்ச்சியிலே குற்றவாளி ஒருவர் உண்டு. ஆனால் களைத்த அந்தத் தொண்டர் குற்றவாளியல்லர். கோடிக்கணக்கானோர் பயன்கொண்ட ஒரு கருவியைத் தனியொருவர் தோளிலே ஏற்றிவிட்டு, அவர் களைத்தாரா என்று கேட்காதிருந்த உலகமே சிந்திக்க வேண்டும். பாலத்துக்கு வருடந்தோறும் மை பூசுவதற்கு ஒரு திணைக்களமும் அதற்கொரு செலவுத்தொகையும் உள. இலவசமாய்க் கிடைத்த செய்நிரலுக்கு அவ்வாறு ஒதுக்குவோர் அரியர்.

இனி, கல்லடியிலே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்க. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை அவன் தமிழிலே கற்கிறான். தமையன் விட்டுச்சென்ற பழைய கணினியிலே லினக்ஸை நிறுவியிருக்கிறான். கையிலுள்ள குறிப்பேடு, அதனை எழுதியவர் தம் ஆசிரியரிடம் கேட்டெழுதியது; அந்த ஆசிரியரோ 1990களின் ஆங்கிலப் புத்தகமொன்றைப் பார்த்துக் கற்றவர். குறிப்பேட்டின்படி இஃப்கொன்பிக் எனத் தட்டுகிறான். அக்கட்டளை இல்லை என்கிறது கணினி. பிழை தன்னுடையது என்றே அவன் எண்ணுவான். எழுத்துக் கூட்டலைத் திருத்திப் பார்ப்பான். கணினியை மறுபடி தொடக்கிப் பார்ப்பான். கடைசியில் இது தனக்கு வாராது என்று மூடிவைத்தாலும் வியப்பில்லை. ஆங்கிலத்திலே தேடிப் படிக்க வல்லவனுக்கு இந்தத் தடை ஐந்து நிமிடம். தமிழே வழியாய்க் கொண்டவனுக்கு அது ஒரு சுவர்.

டெபியன் தொண்டர்கள் செய்நிரலை மாற்றினர், பொதிகளைத் திருத்தினர், ஒன்பதாம் பதிப்போடு வெளியிட்ட குறிப்பிலே, பழைய கட்டளைக்கு ஈடான புதிய கட்டளை எது என்று பட்டியலும் தந்தனர். தமிழ்க் குறிப்பேடுகளைத் திருத்துவது அவர்களுடைய கடமையன்று. அது தமிழிலே கற்பிப்போர் கடமை. கலைச்சொற்களை ஆக்குவதிலே காட்டும் ஊக்கத்தை, ஒருமுறை ஆக்கிய பாடத்தைப் பேணுவதிலும் காட்டுவார் அரியர் என்பதை மறைப்பதிற் பயனில்லை. எழுதி அச்சிட்ட நாளோடு ஆசிரியரின் வேலை முடிந்துவிடுவதாகவே பலரும் கருதுகின்றனர். அச்சான பாடமும் ஒரு கருவியே. அதற்கும் பராமரிப்பாளர் வேண்டும்.

அம்மாணவனுக்குச் சொல்ல வேண்டியது உண்மையிலே சிறிது. இடைமுகங்களையும் முகவரிகளையும் காண, ஐபி என்ற சொல்லை அடுத்து இடம்விட்டு அட்ரஸ் எனத் தட்டுக. ரூட் கட்டளைக்கு ஈடாக ஐபி ரூட். ஆர்ப் கட்டளைக்கு ஈடாக ஐபி நெய்பர். நெய்பர் என்பது அயலவரைக் குறிக்கும் சொல். நெட்ஸ்டாட் செய்த வேலைக்கு எஸ்-எஸ் என்னும் ஈரெழுத்துக் கட்டளை. முன்பு நான்கு கருவிகளுக்கு நான்கு விதமான பேச்சு இருந்தது. இப்பொழுது மூன்று ஒரே தலைச்சொல்லின்கீழ் வந்தன. அட்ரஸ் என முழுதும் எழுதவும் தேவையில்லை. முதலெழுத்து மட்டும் தட்டினாலே அக்கருவி விளங்கிக்கொள்ளும். கற்பதற்குப் புதியதே எளிது என்று துணிந்து கூறலாம். பழையதைக் கற்றுவிட்டவர்க்கு மட்டுமே அது கடினம்.

பழைய கருவியும் அழிக்கப்படவில்லை. நெட்-டூல்ஸை இப்பொழுதும் டெபியனின் களஞ்சியத்திலிருந்து ஒரே கட்டளையால் வரவழைத்துக்கொள்ளலாம். 2023இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பிலே அதன் 2.10 பதிப்பு இருந்தது. தானாக வாராது, வேண்டுவோர் கேட்டுப் பெறவேண்டும். மாற்றமும் அத்துடன் நிற்கவில்லை. கணினி வலையமைப்போடு இணைந்தவுடன் தனக்கொரு முகவரி கேட்டுப் பெறுவதற்கு நெடுநாள் பயன்பட்ட ஐ.எஸ்.சி. நிறுவனத்துச் செய்நிரலின் பராமரிப்பை அந்நிறுவனத்தார் 2022ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்திக்கொண்டனர். இம்முறை அறிவித்தல் தந்தே நிறுத்தினர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்த டெபியனின் பதின்மூன்றாம் பதிப்பிலே அதன் இடத்தில் வேறொரு செய்நிரல் அமர்ந்தது. மூன்றாண்டுக்குள் வேலை முடிந்தது.